துண்டு போட்ட ஞாயிறு

மே 8, திங்கள்

தூக்கம் வராதவர்கள் எழுதினால் மனது லேசாகும் என்று யூடியூபில் ஒருத்தி சொன்னாள். அவளுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று தெரியவில்லை. தீபன் கம்பெனியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. அட்டையில் ஒரு கேமரா படம், அதற்குக் கீழே 'உங்கள் வீடு, உங்கள் கண்'. என் புருஷன் விற்பது அதைத்தான். இந்த நைரோபியில் பாதி அப்பார்ட்மென்ட் வாசல்களில் அவர் மாட்டிய கண்கள் தொங்குகின்றன.

இன்று ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. மதியின் அறையில், அலமாரி மேல், பஞ்சுக் கரடிக்குப் பின்னால் வைத்தோம். நான்தான் கேட்டேன். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சென்னை கம்பெனிக்கு டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். பத்து மாதப் பிள்ளை இந்தப் பக்கம் ஆயாவோடு. என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

"அவகிட்ட சொல்லிடு தாரணி. இங்க அதுக்குச் சட்டம் இருக்குது. ஆள் வேலை பாக்கற எடத்துல கேமரா வெச்சா சொல்லோணும்."

"சொல்லிட்டு வெக்கறதுக்கு எதுக்கு மாமா கேமரா? சொல்லாம வெச்சாத்தான உண்மை தெரியும்."

"நான் தெனமும் கஸ்டமருக்குச் சொல்றதச் சொன்னேன். அப்பறம் உன் இஷ்டம்."

என் இஷ்டம். ஈரோட்டிலிருந்து இங்கே வந்ததும் என் இஷ்டம்தான் போலிருக்கிறது.

ஆயாவின் பெயர் நெகேசா. மேற்கே எங்கேயோ கரும்பு விளைகிற ஊர். சமையலறைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு அறை. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். ஞாயிறு விடுமுறை, சர்ச்சுக்குப் போவாள். இங்கே தாயைப் பிள்ளை பெயரோடு சேர்த்து மாமா என்று கூப்பிடுவார்கள். எனக்கு அவள் வைத்த பெயர் 'மாமா மதி'. தீபனுக்கு ஒரே சிரிப்பு. "நீ என்னய மாமாங்கற, அவ உன்னய மாமாங்கறா. இந்த ஊட்ல யாருதான் பொம்பள?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 12, வெள்ளி

நான்கு நாட்களாகப் போனில் பார்க்கிறேன். ஒன்றும் செய்யமாட்டேன் என்கிறாள். பாடுகிறாள். மதியின் பாதத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொள்கிறாள். கீரையும் சோறும் பிசைந்து ஊட்டுகிறாள், மதி மறுக்காமல் வாயைத் திறக்கிறது. நான் ஊட்டினால் துப்பும். என்னைப் பார்த்துச் சிரிக்காத சிரிப்பெல்லாம் கேமராவில் இருக்கிறது.

"நல்லாத்தான பாத்துக்கறா?" என்றார் தீபன். ஏமாற்றமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

மே 14, ஞாயிறு

தீபன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார். நெகேசா சர்ச்சுக்கு. நாங்கள் இருவர் மட்டும். கேமரா மேல் துண்டைப் போட்டுவிட்டேன். வீட்டு மனுஷியை அது எதற்குப் பார்க்க வேண்டும்? பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன்.

மேல் பல் முளைக்கிறது. மதியத்திலிருந்து நிறுத்தாத அழுகை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மே 17, புதன்

தடுப்பூசிக்குக் கிளினிக் போனோம். நெகேசாதான் தூக்கிக்கொண்டு வந்தாள். நர்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டு மதியின் மேல்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கருகமணி வளையல். எங்க வழக்கம், கண்ணு படாம இருக்கப் போடறது. கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"வளையல் மணிக்கட்டுல இருக்கு. தடம் மேல இருக்கே."

"தூங்கறப்ப மேல ஏறிடும்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. நெகேசா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாத ஜன்னல், ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்.

இந்த ஊரில் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய் ஹோமில் வைப்பார்களா என்று போனில் தேடினேன். சும்மாதான். வைப்பார்களாம்.

மே 21, ஞாயிறு

நல்ல மழை. போன நெகேசா பாதி வழியில் திரும்பி வந்தாள். குடையை மறந்தாளாம். போகிற வழியில் யாரிடமாவது ஒரு குடை வாங்கிக்கொண்டால் என்ன?

மே 22, திங்கள்

அவள் பார்வை சரியில்லை. "மாமா மதி, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். காலை பத்து மணிக்கு எவள் படுப்பாள்? லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கதவைத் தட்டி டீ கொண்டுவந்து வைக்கிறாள். நான் கேட்டேனா? குழந்தையை என் கையில் கொடுக்கும்போது ஒரு நொடி விடாமல் பிடித்துக்கொள்கிறாள். ஒரு நொடிதான். எனக்குத் தெரியாதா?

இன்று சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது மிக்சியின் மூடியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். கை வழுக்கியது என்று சொன்னேன். அவள் எடுத்துக் கழுவி வைத்தாள்.

மே 24, புதன்

கிடைத்துவிட்டது.

காலை பதினொன்றரை. மதி தூங்குகிறது. நெகேசா கதவைப் பார்க்கிறாள். மதியின் கையிலிருந்து வளையலைக் கழற்றுகிறாள். சட்டையைத் தோளுக்கு மேல் ஏற்றுகிறாள். தன் போனை எடுத்துப் படம் பிடிக்கிறாள். ஒரு படம் இல்லை, வளைத்து வளைத்து எடுக்கிறாள். முதுகைத் திருப்பியும் எடுக்கிறாள்.

நேராகப் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. போனை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"மாமா மதி, நான் யாருகிட்டயும் போகல. முதல்ல உங்ககிட்டதான் பேசணும்னு எடுத்தேன்."

"என் புள்ளய போட்டோ எடுக்க நீ யாரு? யாருக்கு விக்கப் போற?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்க தூங்கணும்," என்றாள். என் வீட்டில் நின்றுகொண்டு என்னிடம் சொல்கிறாள். பையை எடுத்துக்கொண்டு அப்போதே போகச் சொன்னேன். அறையைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் போனாள், திமிர்.

அந்த வீடியோவை 'நைரோபி அம்மாக்கள்' குரூப்பில் போட்டேன். நம் நாட்டுப் பெண்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். 'உஷார். குழந்தையின் வளையலைக் கழற்றி, சட்டையை விலக்கிப் படம் எடுக்கும் ஆயா. யாரும் வேலைக்கு எடுக்காதீர்கள்.' வேலைக்குச் சேரும்போது வாங்கிவைத்த அவள் அடையாள அட்டையின் படத்தையும் சேர்த்துப் போட்டேன். வளையலைத் திரும்ப மாட்டிவிடுகிற இடத்துக்கு முன்னாலேயே வீடியோவை வெட்டிவிட்டேன். நீளமாக இருந்தால் யாரும் பார்ப்பதில்லை.

மே 25, வியாழன்

எத்தனை பேர் பேசினார்கள்! ஒன்றரை வருடமாக இந்த ஊரில் என்னை ஏன் என்று கேட்க நாதியில்லை. இன்று போனைக் கீழே வைக்க முடியவில்லை. குரூப்பை நடத்துகிற சுகந்தி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள், கேசரியோடு.

"நல்ல வேள தப்பிச்சே. பிள்ளை கடத்துற கும்பலா இருக்கும்டீ. இல்லேன்னா மந்திரம் மாயம். வளையல எதுக்குக் கழட்டணும்? நான் இன்னும் நாலு குரூப்ல போட்டுட்டேன்."

"போட்டுட்டீங்களா அக்கா?"

"பின்ன? அடுத்தவ பிள்ளைக்கு ஆகக் கூடாதுல்ல."

மதி சுகந்தி அக்காவின் மடியில் உட்கார்ந்து வாசலையே பார்த்தது. நெகேசா தினமும் அதை வெளியே தூக்கிப்போகும் நேரம். "பாரேன், எவ்ளோ பயந்து போயிருக்கு," என்றாள் அக்கா.

மே 28, ஞாயிறு

துண்டு போட்டேன்.

சாயங்காலம் வந்து தீபன் கேட்டார், "கன்னம் ஏன் செவந்திருக்குது?"

"கொசு."

"ஒரு பக்கம் மட்டுமா?"

"கொசுவக் கேளுங்க."

ஜூன் 1, வியாழன்

தீபனுக்கு ஒரு மின்னஞ்சல். வீட்டு வேலைக்காரர்களுக்காக வாதாடும் ஒரு அமைப்பிலிருந்து, அச்சியெங் என்கிற வக்கீல். தன் முகம் தெரிகிற, தன் குரல் கேட்கிற எல்லாப் பதிவுகளையும் நெகேசா கேட்கிறாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டாம். ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டுமாம். குறிப்பாக மே 21 ஞாயிறு காலைப் பதிவு வேண்டுமாம். கொடுக்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகத்தில் புகார்.

ஆக, கேமரா இருப்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கரடியைத் தினமும் தூசி தட்டியவள் அவள்தானே.

தீபன் கத்தினார். நான் பார்த்து அவர் இப்படிக் கத்தியதில்லை.

"நான் விக்கறதே இதத்தான்! எங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை, என் விசா, எல்லாம் போச்சு. அடையாள அட்டையப் போயி யாராச்சும் குரூப்ல போடுவாங்களா? படிச்சவதான நீ?"

"ஊட்டுக்குள்ள நடக்கறதுக்கு எதுக்கு மாமா சட்டம்?"

"ஊட்டுக்குள்ள இருந்தாத்தான அது ஊட்டு விஷயம்? நீதான் அத ஊர் பூரா அனுப்பிட்டியே!"

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மே 21 வேண்டுமாம். அன்றைக்குத் துண்டு போட்டிருந்தது. இருட்டைக் கேட்கிறாள், இருட்டையே எடுத்துக்கொள்ளட்டும்.

"எறக்கிக் குடுத்துடுங்க மாமா," என்றேன்.

ஜூன் 3, சனி

தீபன் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாக இறக்கிக்கொண்டிருந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மே 21 வந்தது. திரை கருப்பாக இருந்தது. "ஒண்ணுமே தெரியலியே," என்றார். "அதான் சொன்னேன்," என்றேன்.

அப்புறம் அவர் ஒலியைக் கூட்டினார்.

துணி கண்ணைத்தான் மூடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். மைக் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்.

மதியின் அழுகை. என் குரல். என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஈரோட்டில் எங்கள் தெருவில் குடித்துவிட்டு வருகிறவன் குரல் மாதிரி. வாயை மூடு, வாயை மூடு, வாயை மூடு. அப்புறம் ஒரு சத்தம். மழை. மறுபடி ஒரு சத்தம். தீபன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

கதவு திறக்கும் சத்தம். நெகேசா. "கொடுங்க. மாமா மதி, கொடுங்க. கைய விடுங்க." நாற்காலி விழும் சத்தம்.

"அழிச்சிடுங்க மாமா," என்றேன்.

"கேட்டதுக்கு அப்பறம் அழிச்சா அதுவே தப்பு."

"தப்பா இருந்தாப் பரவால்ல. இதக் கேட்டா மதியக் கொண்டுபோயிடுவாங்க. மாமா, உங்களத்தான். அழிங்க."

அவர் மவுசை நகர்த்தினார். அழிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"கடைசி வரைக்கும் நீ கேக்கல," என்றார். இயர்போனைச் செருகி என்னிடம் நீட்டினார்.

கேட்டேன். நான் அந்த அறையை விட்டுப் போன பிறகு நடந்தது. நெகேசா 'போலே, போலே' என்கிறாள். யாருக்காவது வலித்தால் இங்கே அப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள். மதி விக்குகிறது. அப்புறம் அவள் எங்களிடமிருந்து பொறுக்கிய நாலு தமிழ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு என் பிள்ளையிடம் பேசுகிறாள். "அம்மா கெட்ட இல்ல. அம்மா தூக்கம் இல்ல. அம்மா பாவம்."

பாவமாம். எனக்குப் பாவம் பார்க்க இவள் யார்?

இயர்போனைத் தூக்கி எறிந்தேன். இந்தத் தடவை கை வழுக்கியது என்று சொல்லவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

தீபன் கிரிக்கெட்டுக்குப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 7, புதன்

பதிவுகளைப் பென் டிரைவில் போட்டு நானே கொண்டுபோனேன். தீபன் கீழே காரில் மதியோடு இருந்தார். மே 21 அதில் இருந்தது. எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

அலுவலகம் ஒரு மளிகைக் கடைக்கு மேல். அச்சியெங் என்னைவிடச் சின்னப் பெண். ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தாள். பக்கத்தில் நெகேசா. இடது கையில் மாவுக்கட்டு.

"என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அச்சியெங்தான் பதில் சொன்னாள். "உங்க வீடியோ ஆச்சு. மதாத்து மினிபஸ்ஸுக்கு நின்ன நெகேசாவ ஒருத்தன் போனைப் பாத்து அடையாளம் கண்டுபிடிச்சிட்டான். பிள்ளை பிடிக்கிறவன்னு கத்தினான். இந்த ஊர்ல அப்படிக் கத்தினா அப்புறம் யாரும் எதையும் விசாரிக்க மாட்டாங்க. கை மட்டும் போச்சு. அதிர்ஷ்டம்."

"நான் அடிக்கச் சொல்லலியே."

"இல்ல. நீங்க பேரு, முகம், அட்டை நம்பர் மட்டும் கொடுத்தீங்க."

"அது எங்க வீட்டு விஷயம்."

"இருநூறு பேர் இருக்கற வீடா? எந்த மாடி?"

எனக்கு அந்தப் பெண்ணைக் கண்டாலே பிடிக்கவில்லை. நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் ஆங்கிலம்தான் உடைந்தது, அவளுடையது இல்லை.

பென் டிரைவை மேசையில் வைத்தேன். "இருபத்தொண்ணாம் தேதியும் இருக்கு. படம் தெரியாது. குரல் மட்டும்."

நெகேசா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அழிக்கத்தான் சொன்னேன்."

"அதுல நான் இருக்கேன். அது என்னோடதும்தான். யாருக்குக் கொடுக்கறதுன்னு நான் முடிவு பண்ணுவேன்."

"போலீஸுக்கா? குழந்தைகள் ஆபீஸுக்கா? சொல்லிடு, நெகேசா. எப்பன்னு தெரியாம என்னால இருக்க முடியாது."

வெளியே ஒரு வண்டிக்காரன் ஊர் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தான்.

"அந்த நர்ஸ்கிட்டப் போங்க," என்றாள் நெகேசா. "கிளினிக்ல பாத்தாங்களே, அவங்ககிட்ட. நீங்களே போயி நீங்களே சொல்லுங்க. நான் போயிச் சொன்னா கூடவே போலீஸ் வரும். நீங்க போனா டாக்டர் வருவார். இந்தத் திங்கள் போங்க. போகலன்னா செவ்வாய் நான் போவேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

அப்பட்டமாகச் சொன்னாள். அச்சியெங் அவள் தோளைத் தொட்டாள், இவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னொண்ணு. அதே குரூப்ல, அதே கையால, நான் திருடி இல்லன்னு எழுதுங்க. ஏன் படம் எடுத்தேன்னும் எழுதுங்க. அதுக்காக உங்கள மன்னிச்சிடுவேன்னு நெனைக்காதீங்க. ஆணையர்கிட்டப் புகார் கொடுக்கத்தான் போறேன். இந்தக் கையால ஒரு வருஷம் பிள்ளை தூக்க முடியாது."

எழுந்து நின்றேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"மதி சாப்பிடறாளா?"

துப்புகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 8, வியாழன்

போட்டுவிட்டேன்.

'போன மாதம் நான் போட்ட வீடியோ பாதி. நெகேசா வளையலைத் திரும்ப மாட்டிவிட்டாள். குழந்தையின் கையில் இருந்த தடத்தைத்தான் படம் எடுத்தாள். அந்தத் தடம் அவள் போட்டது இல்லை. வீடியோவையும் அட்டையையும் எல்லோரும் அழித்துவிடுங்கள். வேறு குரூப்பில் போட்டவர்கள் இதையும் அங்கே போடுங்கள்.'

சுகந்தி அக்கா உடனே தனியாகப் போன் செய்தாள். "ஏம்மா, மெரட்டுறாளா அவ? நீ ஒண்ணுக்கும் அசராத. அழிச்சிடு அத."

"இல்லக்கா. இருக்கட்டும்."

"அப்ப அந்தத் தடம்..." என்று ஆரம்பித்தவள், குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். எனக்கு எந்த விசிலும் கேட்கவில்லை.

குரூப்பில் ஒருத்தி மட்டும் கேட்டாள்: 'அப்போ யார் போட்டது?' இருநூறு பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து, இட்லி அரிசி எந்தக் கடையில் வந்திருக்கிறது என்று வேறு ஒருத்தி கேட்டாள். எல்லோரும் ஓடிப்போய் அவளுக்குப் பதில் சொன்னார்கள்.

ஜூன் 11, ஞாயிறு

காலையில் துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டேன்.

தீபன் இன்றும் வீட்டில். டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு மேட்ச் பார்த்தார். போன வாரத்திலிருந்து நாங்கள் பருப்பு, டயபர், கேஸ் என்றுதான் பேசிக்கொள்கிறோம். நாளைக் காலை கிளினிக். தானும் வருவதாகச் சொன்னார். வராதீர்கள் என்றேன். வருவேன் என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு மதி எழுந்து அழ ஆரம்பித்தது. பல் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. தூக்கினால் திமிறுகிறது, இறக்கினால் அலறுகிறது. தோளில் போட்டு நடந்தேன். பாடினேன், நெகேசா பாடுகிற பாட்டையே பாடினேன், வார்த்தை தெரியாமல். அது இன்னும் பலமாக அழுதது. என் பாட்டு அவளுடையது இல்லை என்று அதற்குத் தெரிகிறது.

தொட்டிலில் போட்டேன். கரடிக்குப் பின்னால் அந்தச் சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. என் கை ஆரம்பிக்கப் போவது எனக்கு முன்னாலேயே தெரிகிறது. முதலில் விரல் நுனி சுடும்.

கூடத்துக்கு வந்தேன்.

"மாமா."

"ம்."

"நீங்க போயி புள்ளய எடுங்க."

"நீதான இப்ப வெச்சிருந்த?"

"என்னய எடுக்க விடாதீங்க மாமா."

அவர் திரும்பிப் பார்த்தார். ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது அறைக் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க," என்றேன். "திறந்தே கெடக்கட்டும்."

பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அழுகை நிற்கவில்லை. வெகுநேரம் நிற்கவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.